திருநாளுக்கு மட்டும் வருகிறவர்கள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்கு, இரவு பத்தரை மணிக்கே எங்கள் ஆலயம் நிறைந்துவிடும். உள்ளே இடமில்லாதவர்கள் பந்தலிலும், மாதா கெபியின் படிகளிலும், சுற்றுச்சுவரின் மேலும் உட்கார்ந்திருப்பார்கள். சட்டையின் மடிப்புக் கலையாத சிறுவர்கள், பட்டுப்பாவாடையில் தூங்கி வழியும் சிறுமிகள், ஊருக்கு விடுமுறையில் வந்த மகன்கள், மருமகள்கள் என்று கோவில் வளாகமே ஒரு கல்யாண வீடாக இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கு வந்து பாருங்கள். பின்னால் ஐந்தாறு பெஞ்சுகள் ஆளின்றிக் கிடக்கும்.

"அன்றைக்கு வந்த கூட்டமெல்லாம் எங்கே?" என்று ஒவ்வொரு பங்கிலும் கேட்கிறோம். கேட்ட மூச்சிலேயே பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்: "விசுவாசம் குறைந்துவிட்டது, உலக நாட்டம் பெருகிவிட்டது." நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவன். பங்குப் பேரவையில் இருந்தவன். பெருவிழாக்களில் வாசலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. யார் யார் வருகிறார்கள், எத்தனை நாளைக்குப் பின் வருகிறார்கள் என்று மனத்துக்குள் கணக்கு வைக்கத் தொடங்குகிறான்.

அப்படிக் கணக்கு வைத்திருந்த ஓர் இரவில், என் பழைய மாணவர் ஒருவர் மனைவி மக்களோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். "வா தம்பி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கோவிலுக்கு வழி தெரிகிறதே!" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருடைய மகன் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன், தகப்பனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திருநாளுக்கு மட்டும் வருகிறவர்கள் ஏன் அப்படி வருகிறார்கள் என்பதை, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

முதலில், எந்தெந்த நாட்களில் ஆலயம் நிரம்புகிறது என்று கவனியுங்கள். கிறிஸ்து பிறப்பும் உயிர்ப்பும் இருக்கட்டும். விபூதிப் புதன் ஒரு வேலைநாள். அன்று திருப்பலி காண வேண்டுமென்ற கடன் எவருக்கும் இல்லை. ஒருசந்தியும் சுத்தபோசனமும்தான் கட்டளை. ஆயினும் அதிகாலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்கூட நெற்றியில் சாம்பலோடு போகிறார்கள். பெரிய வெள்ளியன்றோ திருச்சபை உலகெங்கும் திருப்பலியே நிறைவேற்றுவதில்லை. கடன் திருநாளும் அன்று. ஆண்டு முழுவதிலும் வெளியூரிலிருந்து வந்தாவது தலைகாட்டிவிட வேண்டும் என்று நம் மக்கள் துடிக்கும் நாள் அதுதான். நவம்பர் 2ஆம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாளும் கடன் திருநாள் அல்ல. அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமிருக்கிறதா?

ஆக, கட்டளைக்காக வருகிற கூட்டம் இது அல்ல. கட்டளையிட்ட ஞாயிறுகளை விட்டுவிட்டு, கட்டளையிடாத நாட்களில் வருகிறார்கள். "விசுவாசம் இல்லை" என்ற பதில் இந்த இடத்தில் இடறுகிறது. விசுவாசம் இல்லாதவன் நெற்றியில் சாம்பலோடு பேருந்தில் ஏறமாட்டான்.

அந்த நாட்களில் என்ன கிடைக்கிறது? குருத்து ஞாயிறன்று கையில் ஓலை. மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி, வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறோம். ஓராண்டு காய்ந்த அந்த ஓலையே எரிந்து மறு ஆண்டின் விபூதியாகிறது. புதனன்று நெற்றியில் சாம்பல். பெரிய வெள்ளியன்று உதட்டில் பாடுபட்ட சுரூபத்தின் பாதம். நவம்பரில் தகப்பனார் கல்லறையில் ஏற்றிய மெழுகுதிரி. எல்லாமே கைக்கும் உடலுக்கும் நேராகக் கிடைப்பவை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த வரிசைகளில் நிற்பவரை "நீ தகுதியோடு நிற்கிறாயா?" என்று யாரும் கேட்பதில்லை. சாம்பல் பூசிக்கொள்ள விரும்பும் எவருக்கும் குரு பூசுகிறார். சிலுவையை முத்தி செய்ய முழங்காலில் ஊர்ந்து வரும் எவரையும் யாரும் தடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்படியல்ல. ஞாயிறன்று கிடைப்பது இவை யாவற்றிலும் மேலான கொடை, ஆண்டவரின் திருவுடல். ஆனால் அதற்கான வரிசையில் நிற்க முடியாத மனிதர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். நாம் அவர்களைப் பற்றி யோசிப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். கோவிலில் முறைப்படி மந்திரித்துத் திருமணமானவர். மூன்று ஆண்டுகளில் கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். எங்கேயிருக்கிறார் என்றுகூடப் பிறகு தெரியவில்லை. கைக்குழந்தையோடு தாய்வீட்டில் நெடுங்காலம் இருந்தபின், நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்று, தம்மை ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டார். நல்ல குடும்பம். பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் தவறாமல் வருவார். என் மனைவி ஒருநாள் அவரைச் சந்தையில் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமைகளில் காணோமே, அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "பெரிய வெள்ளியன்று எல்லாரும் சிலுவை முத்தி செய்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தியாகச் செய்துவிட்டு வருகிறேன், அக்கா. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போவார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். என் முழங்காலைத் தாண்டித்தான் பக்கத்தில் இருப்பவர்கள் போக வேண்டியிருக்கிறது. தாண்டுகிற ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்க்கிறார்கள்."

இதைக் கேட்டபின் நான் சில நாள் பழைய நூல்களைப் புரட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்போது இப்படிப்பட்ட தண்டனையாயிற்று?

தொடக்கத் திருச்சபையில், ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் புனித ஜஸ்டின் எழுதி வைத்தபடி, ஞாயிறன்று கூடியவர்கள் அனைவரும் நற்கருணையில் பங்கு பெற்றார்கள். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வீட்டுக்கே எடுத்துச் சென்றார்கள். (வராதவன் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், அவனுக்கு அப்பத்தைக் கொண்டுபோகலாமா என்று கேட்ட காலம் அது.) ஆனால் நான்காம் நூற்றாண்டிலேயே நிலைமை மாறிவிட்டது. அந்தியோக்கியாவில் குருவாயிருந்த புனித ஜான் கிறிசோஸ்தோம், பெருவிழாவன்று கடல்போல் திரண்ட மக்களைக் கண்டு மகிழ்வதற்குப் பதிலாக வருந்தினார். இவர்களில் பெரும்பாலோரை அடுத்த விழாவரையில் காண முடியாது என்பது அவருக்குத் தெரியும். நம் பங்குக்குரு பிரசங்கத்தில் சொல்லும் முறைப்பாடு பதினாறு நூற்றாண்டுப் பழைமை வாய்ந்தது.

506ஆம் ஆண்டில் தென் பிரான்சில் உள்ள ஆக்து நகரில் கூடிய ஆயர்கள், கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, தூய ஆவியின் வருகை ஆகிய மூன்று விழாக்களில் நற்கருணை வாங்காதவனைக் கத்தோலிக்கனாகக் கருதலாகாது என்று விதித்தார்கள். மூன்று முறை போதும் என்பது அவர்கள் நோக்கமல்ல; அந்த மூன்று முறையாவது வரட்டும் என்ற கவலை. அதே சங்கத்தில், ஞாயிறு பூசையை முழுவதும் காண வேண்டும், குருவின் ஆசீருக்கு முன்னால் வெளியேறக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆசீருக்கு முன்னால் செருப்பைத் தேடிப் போகிற நம்மவர் பலர் இந்த இடத்தில் சற்றே நெளியலாம். 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இன்னும் இறங்கிவந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நன்மை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பல நூற்றாண்டுகளாக, ஞாயிறு பூசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நன்மை வாங்கவில்லை. புண்ணியவாளரும் உட்கார்ந்திருந்தார், பாவியும் உட்கார்ந்திருந்தார். யார் எவர் என்று எவருக்கும் தெரியாது. 1905இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், சாவான பாவமின்றி நல்ல கருத்தோடு வருகிறவர்கள் அடிக்கடி, தினந்தோறும்கூட நன்மை வாங்கலாம் என்று ஊக்கமளித்தார். முன்னாள் நள்ளிரவிலிருந்தே தண்ணீரும் பருகாமல் இருக்க வேண்டும் என்ற உபவாசம் 1953 முதல் படிப்படியாகத் தளர்ந்து, 1964இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. இவை பெரும் அருட்கொடைகள். நானோ நீங்களோ அந்தப் பழைய நாட்களுக்குத் திரும்ப விரும்பமாட்டோம். ஆனால் எல்லாரும் எழுந்து போகும் ஆலயத்தில், எழாதவர் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார். அந்தப் பெண்மணியின் பாட்டியார் காலத்தில் அவர் ஆண்டு முழுவதும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். இன்று வீட்டிலிருப்பதே அவருக்கு எளிதாயிருக்கிறது.

இப்படிப்பட்டவர்களில் பலர், தாங்கள் பூசைக்கே வரக் கூடாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அவர்கள் திருச்சபையிலிருந்து வெட்டுண்டவர்கள் அல்லர். குடும்பத்தைப் பற்றி இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதிய திருமடலில், மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்துகொண்டவர்கள் நற்கருணை வாங்க முடியாத நிலையை எடுத்துரைக்கும் அதே பகுதியிலேயே, அவர்கள் இறைவார்த்தையைக் கேட்கவும், திருப்பலியில் பங்குகொள்ளவும், செபத்தில் நிலைத்திருக்கவும், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கவும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருமண வழக்குகளின் நடைமுறையைச் சுருக்கினார். 2016இல் எழுதிய மடலில், இத்தகைய குடும்பங்களோடு மேய்ப்பர்கள் உடன் நடந்து, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே தேர்ந்து தெளிய வேண்டும் என்றார். பதிவு அலுவலகத் திருமணம் மட்டும் செய்துகொண்டு, வேறு முந்திய திருமணத் தடை இல்லாதவர்களின் காரியம் இன்னும் எளிது. பங்குக்குருவிடம் போய்ச் சொன்னால் அதைத் திருச்சபை முறைப்படி செல்லுபடியாக்க வழியுண்டு. துணைவர் வேற்று மதத்தவரானால் ஆயரின் அனுமதியோடு அதுவும் நடக்கும். இது தெரியாமல் இருபது, முப்பது ஆண்டுகள் கடைசிப் பெஞ்சுக்கும் வராமல் கழித்தவர்கள் உண்டு. யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

எல்லார் கதையும் திருமணக் கதையல்ல. பங்காளிச் சண்டையில் தம்பி முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வராதவர் உண்டு. கோவில் வரி பாக்கி நிற்கிறது, தலைக்கட்டுக் கணக்கில் பெயரை வாசித்துவிடுவார்களோ என்று கூசுகிறவர் உண்டு. ஆலயத்துக்குள்ளேயே சாதியின் பெயரால் தள்ளிவைக்கப்பட்ட நினைவு மாறாமல் வராத குடும்பங்கள் உண்டு. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. கல்லால் கட்டிய சுவர்தான் அன்று விழுந்தது. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் தானே ஒப்புக்கொண்டது. இவர்களை நோக்கி "ஞாயிறு கடனை மறந்தீர்கள்" என்று சொல்வதற்கு முன் நம் நாக்கு சற்றுத் தயங்க வேண்டும்.

சோம்பலால் வராதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஞாயிறு காலை ஆட்டுக்கறிக் கடை வாசலில் ஒரு மணி நேரம் காத்து நிற்கிறவர், பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டது என்று குறை சொல்கிறார். பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிற தாய்க்கு மறைக்கல்வி நினைவு வருவதில்லை. ஞாயிறு திருப்பலி கடன் என்பது மாறவில்லை. சனி மாலைத் திருப்பலி கண்டாலும் அது நிறைவேறும் என்று சட்டம் இடங்கொடுத்தும் இருக்கிறது. இவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. பிரசங்கங்கள் எழுதப்படுவதே இவர்களுக்காகத்தான். துரதிருஷ்டம் என்னவென்றால், அவற்றைக் கேட்க அவர்கள் இருப்பதில்லை. கேட்பவர்கள் வேறு மனிதர்கள்.

என் பழைய மாணவரின் கதையை முடித்துவிடுகிறேன்.

இரண்டாண்டு கழித்து, ஒரு வேலையாகப் பக்கத்து நகரத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவுக்கு நுழைந்த சாப்பாட்டுக் கடையின் முகப்பில், அனல் பறக்கும் கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் அவர்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், ஸ்தோத்திரம்" என்றார். கூட்டம் ஓய்ந்தபின் வந்து எதிரில் உட்கார்ந்தார். பதினேழு வருடமாக அதே வேலை. ஞாயிறுதான் கடையில் வியாபாரம் மிகுந்த நாள். அன்று விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும். கிறிஸ்து பிறப்புக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும், முன்கூட்டியே சொல்லி, சம்பளம் பிடித்தம் செய்துகொள்ளச் சொல்லி விடுப்பு எடுத்து வந்திருக்கிறார்.

"எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை சார். விடியற்காலையில் பஸ் ஏறி அந்தோணியார் கோவிலுக்குப் போய்விடுவேன். பூசை பார்த்து, நன்மை வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்புவேன். பையனையும் லீவு நாளில் கூட்டிக்கொண்டு போவேன்."

தெற்கே உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிற கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது வியப்பாயிராது. ஞாயிறு தங்களுக்குச் சொந்தமில்லாத மக்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். கான்ஸ்தந்தீன் பேரரசன் 321இல் ஞாயிறு ஓய்வுக்கு முதன்முதலாகச் சட்டம் போட்டபோதே, வயலில் உழைப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கி வைத்தான். ஞாயிறன்று கடலுக்குப் போகாத தூத்துக்குடிக் கரைபோல ஊர் முழுவதும் சேர்ந்து அந்த நாளைக் காத்துக்கொண்டால் முடியும். தனி ஒருவன், பிறர் கடையில் கூலிக்கு நிற்பவன், எப்படிக் காப்பான்? ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள் பூசை கண்ட மனிதரைத்தான் நான் "வருஷத்துக்கு ஒரு தடவை" என்று வாசலில் நிறுத்திச் சிரித்தேன்.

"அப்புறம் ஏன் கிறிஸ்துமஸுக்கும் வருவதில்லை?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

"பையன் வர மாட்டேன் என்கிறான் சார்" என்றார். என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. சாப்பிட்டதற்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

அந்தப் பையனுக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறான் என்று கேள்வி.

அந்தப் பெண்மணியின் காரியத்தில் ஒரு சிறு மாறுதல் உண்டு. என் மனைவியும் நானும் அவரைப் பங்குக்குருவிடம் அழைத்துப்போனோம். முதல் திருமணத்தைப் பற்றிய காகிதங்கள் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு என்னவாகும், எப்போது வரும் என்பது தெரியாது, வராமலும் போகலாம். அதுவரையில் ஞாயிறு பூசைக்கு வாருங்கள் என்று சாமியார் சொல்லியனுப்பினார். எங்கே உட்காருவது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கேள்வி. வலப்புறம் மூன்றாம் தூணை ஒட்டிய பெஞ்சில் சுவரோரக் கடைசி இடம் ஒன்று இருக்கிறது; அங்கிருப்பவரைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை. என் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தாள். முப்பது ஆண்டுகள் கோவில் வாசலில் நின்ற எனக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது.

மூன்று ஞாயிறுகள் வந்தார். நான்காம் ஞாயிறு வரவில்லை. ஐந்தாம் ஞாயிறு நாங்கள் போய் உட்கார்ந்ததும், பேருந்தில் இடம் பிடிப்பதுபோல, என் மனைவி அந்தக் கடைசி இடத்தில் தன் கைக்குட்டையை விரித்து வைத்தாள். முதல் மணி அடித்துவிட்டது. கூட்டம் வந்துகொண்டிருந்தது.